புயல் வந்த கல்யாண வீடு!

குழந்தைகளே! கல்யாண வீட்டில் உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? ஜாங்கிரியா? ஐஸ்கிரீமா? நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடுவதா? என் தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்திருந்த வாண்டுகளைக் கேட்டால், எல்லாரும் ஒரே குரலில் "வடை!" என்பார்கள். வடையில் அப்படி என்ன அதிசயம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்தக் கல்யாணம் நடந்தது 2016-ம் ஆண்டு டிசம்பர் 12, திங்கள்கிழமை. இடம், வடசென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அன்று காலை எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அன்று பிற்பகல் சென்னைக்கு வர்தா புயல்!

மழைக்காலத்தில் எதற்குக் கல்யாணம் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். நம் ஊரில் ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பலரும் வைப்பதில்லை. மார்கழியில் கிடையவே கிடையாது. நடுவில் மிச்சம் இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அதே மாதங்களில்தான் வருகிறது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். வங்கக் கடலில் புயல் உருவாகி நம் கரைக்கு வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே சென்னையில் கார்த்திகைக் கல்யாணம் என்றால் பத்திரிகையோடு குடையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்!

எங்கள் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. 17-ந் தேதி மும்பையில் கப்பல் ஏறியாக வேண்டும். 16-ந் தேதி மார்கழி பிறக்கிறது. மண்டபம் கிடைத்தது 12-ந் தேதி மட்டுந்தான். அன்றைக்குத் திருக்கார்த்திகை தீபம். "தீபத்தன்று யாராவது கல்யாணம் வைப்பார்களா?" என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "ஊரே விளக்கு வைக்கிற நாளைவிட நல்ல நாள் எது?"

அந்த டிசம்பரில் கஷ்டத்துக்குக் குறைவே இல்லை. நவம்பர் 8 இரவிலிருந்து பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. கல்யாண வீட்டுக்கு வங்கியிலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஆனால் அதற்கு எத்தனை காகிதம், எவ்வளவு நீள வரிசை! மொய்க் கவரில் 101 ரூபாய் வைக்க வேண்டியவர்களுக்கு அந்த ஒரு ரூபாய் கிடைத்தது, நூறு ரூபாய்தான் கிடைக்கவில்லை. போதாததற்கு ஒரு வாரத்துக்கு முன்பு, டிசம்பர் 5-ந் தேதி இரவு, முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்திருந்தார். ஊர் அந்தச் சோகத்திலிருந்து மீளவில்லை. அதற்குள் புயல் அறிவிப்பு வந்துவிட்டது. பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை.

வர்தா என்பது பாகிஸ்தான் கொடுத்த பெயர். ரோஜா என்று பொருள். வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்து வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் அப்போது வரிசை வந்தது ரோஜாவுக்கு. எங்கள் மணமாலையும் ரோஜா மாலைதான். உள்ளே ஒரு ரோஜா, வெளியே ஒரு ரோஜா!

எங்கள் பெரியப்பாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அப்போது அவருக்கு 78 வயது. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்நாள் முழுவதும் வானிலை சொன்னவர். நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை கூண்டுகள் உண்டு. பகலில் கூம்பு போலவும் உருளை போலவும் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1-ம் எண் என்றால் தூரத்தில் கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். 8, 9, 10 எண்கள் பெரும் அபாயம். அதில் 10-ம் எண், கடும் புயல் அந்தத் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கரை கடக்கப் போகிறது என்பதற்கு. 11 ஏறினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

11-ந் தேதி ஞாயிறு இரவே பெரியப்பா சொல்லிவிட்டார். "காலையில எட்டு மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும். அப்புறம் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது."

முகூர்த்தம் காலை ஆறரைக்கு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார், தவில்காரர் வரவில்லை. புரோகிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் பெரிய தம்பியின் பேரன், நாலாம் வகுப்புப் படிக்கிற பயல், பந்தலில் இருந்த எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தடதடவென்று தட்டினானே பார்க்கலாம்! அந்தச் சத்தத்தில்தான் தாலி ஏறியது.

ஐந்நூறு பேருக்குச் சமையல். வந்தவர்கள் எண்பது பேர் இருந்தால் அதிகம். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், கடலோரக் குப்பத்துக் குடும்பங்களை முந்தின இரவே கொண்டுவந்து தங்க வைத்திருந்தார்கள். காற்று வலுப்பதற்குள் எங்கள் வீட்டு இளைஞர்கள் சோற்றை அன்னக்கூடையிலும், சாம்பாரை வாளியிலும், வடையை அண்டாவிலும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலு நடை. ஐந்தாவது நடைக்குப் பெரியப்பா விடவில்லை. அப்படி மிஞ்சியதுதான் நம் கதைக்கு வேண்டிய வடை.

பத்து, பதினொரு மணியிலிருந்து காற்று மாறிவிட்டது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி, மழைத் தண்ணீர் புகுந்து நின்றது. செல்போனில் ஒரு கோடு கூட இல்லை. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் இரண்டும் பறந்தே போயின! பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா அவர்களைக் கூடத்தின் நடுவே, ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார வைத்தார். "எதிர்த்தாப்ல தென்னைமரம் தெரியுதா? ஓலை எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார்.

"தெற்கே, தாத்தா!"

"அப்படின்னா காத்து எங்கிருந்து வருது?"

"வடக்கேயிருந்து!"

"இப்போ எழுந்து நில்லுங்க. காத்துக்கு முதுகைக் காட்டுங்க. இடது கையை நீட்டுங்க. கை எந்தத் திசையைக் காட்டுது?"

வடக்கே முதுகு, தெற்கே முகம் என்றால் இடது கை கிழக்கே. கிழக்கே என்ன இருக்கிறது? ராயபுரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும்? "கடல்!" என்று கத்தினார்கள்.

"அங்கேதான் இருக்கார் நம்ம விருந்தாளி. இன்னும் வந்து சேரலை" என்றார் பெரியப்பா.

இது மந்திரமல்ல. பாய்ஸ் பாலட் என்ற நெதர்லாந்து அறிஞர் 1857-ல் எடுத்துச் சொன்ன விதி. பூமியின் வடபாதியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தம் குறைந்த இடம் இடது கைப் பக்கம் இருக்கும். பூமி சுழல்வதால், நம் பாதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதனால் வருவது இந்த விதி. தென்பாதியில், ஆஸ்திரேலியாப் பக்கம் போனால், எல்லாம் தலைகீழ். அங்கே வலது கை! சரியாகச் சொன்னால் புயலின் நடுப்பகுதி இடது கைக்குச் சற்று முன்னால் இருக்கும். ரேடியோ இல்லாத காலத்தில் மாலுமிகள் இந்தக் கணக்கை வைத்தே புயலிடமிருந்து கப்பலைத் திருப்பினார்கள். இன்றைக்கு அந்த வேலைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, ரேடார் இருக்கிறது. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியிலேயே 2002-ல் ஒரு டாப்ளர் ரேடார் வைத்தார்கள். ஆனால் மின்சாரமும் செல்போனும் போன மண்டபத்தில் எங்களுக்கு இருந்தது தென்னை ஓலையும் இடது கையும்தான்.

இரண்டு மணி. மூன்று மணி. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? துறைமுகத்து லாரிகள் நூறு ஒரே சமயத்தில் மாடிமேல் ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வீசிய காற்று அது. எதிர்வீட்டுத் தகரக் கூரை சீட்டுக்கட்டு போல ஒவ்வொன்றாகக் கழன்று போனது. மண்டபத்து வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அது தெற்குப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

பிறகு... திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது!

காற்று இல்லை. மழையும் ஓய்ந்தது. வானம் வெளுத்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு மணியைத் தாண்டியிருந்தது. தெருவில் ஜனங்கள் வெளியே வந்து உடைந்த கிளைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சம்பந்தியம்மா எழுந்தார். அவர்கள் வீடு திருவொற்றியூரில். திருக்கார்த்திகையன்று புது மருமகள் தங்கள் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அதற்காகவே புது அகல் விளக்குகள் நூற்றெட்டு வாங்கி, பெண்ணின் சீரோடு வைக்கச் சொல்லியிருந்தார். "புயல் போயிடுச்சு. இருட்டறதுக்குள்ள போயிடலாம், கிளம்புங்க" என்றார். டிரைவர் சாவியை எடுத்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்றார்கள்.

குழந்தைகளே, அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம், போயிடுச்சு. சீக்கிரம் கிளம்புங்க" என்றுதான் சொன்னேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவள். கரும்பலகையில் புயலின் படம் போட்டு, நடுவில் வட்டம் வரைந்து, "இதுதான் புயலின் கண்" என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! அந்தக் கண்ணுக்குள்ளேயே நிற்கும்போது அது எனக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் தெரியாமல் நின்றேன்.

பெரியப்பா ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் போகக் கூடாது. பாதிதான் முடிஞ்சிருக்கு."

"வெயிலே வரப் போவுது பாருங்க. இன்னும் எத்தனை நாழி இங்கேயே உட்கார்றது?" என்று சம்பந்தியம்மா குரலை உயர்த்தினார். பெண் வீட்டார் தடுக்கிறார்களே என்ற கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. என் தம்பி தவித்தான். பெரியப்பாவிடம் மெதுவாக, "விட்டுடுங்க, அவங்க வீட்டுப் பொண்ணு இனிமே" என்றான்.

பெரியப்பா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என் பேரப்பயலைக் கூப்பிட்டு, "போய் ஒரு வடை எடுத்துட்டு வாடா" என்றார்.

வடை வந்தது. அதைச் சம்பந்தியம்மா முன்னால் நீட்டினார். "அம்மா, இதுதாம்மா புயல். இந்த ஓரத்துலேர்ந்து எறும்பு ஒண்ணு நடந்து வருதுன்னு வெச்சுக்குங்க. இவ்வளவு நேரம் வடைமேல நடந்தோம். இப்போ ஓட்டைக்கு வந்துட்டோம். ஓட்டைக்கு அந்தப் பக்கமும் வடை இருக்குதா இல்லையா? போற புயலா இருந்தா காத்து கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். இப்படிச் சுவிட்சை அணைச்சாப்ல நிக்காது. அரை மணி நேரம் பொறுங்க. நான் சொல்றது பொய்யாப் போனா என்னைத் திட்டிட்டுப் போங்க."

புயலின் கண் நம்மைக் கடக்கச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கண்ணின் அகலத்தையும் புயல் நகரும் வேகத்தையும் பொறுத்தது அது. அந்த அமைதியில் வெளியே வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உலகம் முழுவதும் உண்டு. சென்னையை நேராகத் தாக்கிய முந்தைய பெரிய புயல் வந்தது 1994 அக்டோபர் 31-ல். 22 வருட இடைவெளி! அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இந்த விளையாட்டெல்லாம் எங்கே தெரியும்?

அந்த அரை மணி நேரம் மிக நீளமானது. மாப்பிள்ளையின் தம்பி ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "பெரியவர் சும்மா பயமுறுத்தறார்" என்றார். கப்பலில் வேலை செய்யும் மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் என் கரும்பலகை வட்டம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. நானும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் தென்னை ஓலை அசைந்தது. வடக்குப் பக்கமாக! "தாத்தா, இப்போ தெற்கேயிருந்து வருது!" என்று பயல் கத்தினான். எல்லாரும் தெருவைப் பார்த்துக் கூப்பாடு போட்டோம். வெளியே நின்றவர்கள் ஓடி வந்து கிடைத்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். எங்கள் மண்டபத்துக்குள்ளேயே முன்பின் தெரியாத பத்துப் பேர்.

அடுத்து வந்த காற்று முதல் பாதிக்குச் சளைத்ததல்ல. அந்தத் தூங்குமூஞ்சி மரம் இந்த முறை வடக்குப் பக்கமாகச் சாய்ந்தது. முதல் பாதியில் ஒரு பக்கமாக ஆட்டி வேரைத் தளர்த்தியாயிற்று. மண்ணும் ஊறிக் குழைந்துவிட்டது. எதிர்ப் பக்கமிருந்து தள்ளியதும் அடியோடு பெயர்ந்து தெருவை அடைத்து விழுந்தது. கார் திருவொற்றியூர் போவதற்கு அந்தத் தெருவைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஒரு நாளில் சென்னையில் விழுந்த மரங்கள் ஆயிரக்கணக்கில்.

சம்பந்தியம்மா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெரியப்பாவிடம் போய், "அண்ணே, அந்த வடையைக் கொடுங்க. காலையிலேர்ந்து நான் எதுவும் சாப்பிடலை" என்றார்.

பிள்ளைகள் மறுபடி முதுகைத் திருப்பி நின்று பார்த்தார்கள். தெற்கே முதுகு, வடக்கே முகம். இடது கை மேற்கே! புயல் எங்களைத் தாண்டி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

இருட்டிய பிறகு காற்று மெல்ல மெல்லத் தணிந்தது. இந்த முறை நிஜமாகவே. மண்டபத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது. "சீர் வரிசையில அகல் இருக்குதே!" என்று சம்பந்தியம்மாதான் நினைவுபடுத்தினார். சமையற்கட்டில் மிஞ்சிய எண்ணெயை ஊற்றினோம். திரிக்குப் பஞ்சு போதவில்லை, ஒரு பழைய வேட்டியைக் கிழித்தோம். புதுப்பெண் முதல் விளக்கை ஏற்றினாள். பிள்ளைகள் சுவரோரமாக வரிசை கட்டி வைத்தார்கள். தெருவிலிருந்து வந்து ஒதுங்கிய பத்துப் பேரும் ஆளுக்கு ஒன்று ஏற்றினார்கள். நூற்றெட்டில் ஏழு உடைந்திருந்தது. நூற்றொன்று எரிந்தது. ராயபுரத்தில் அன்று இரவு அவ்வளவு வெளிச்சமாக இருந்த இடம் எங்கள் மண்டபமாகத்தான் இருக்கும்! இரவுச் சாப்பாட்டுக்குக் காலைச் சாம்பார், ஊறிப்போன வடை.

மறுநாள் காலையில் கார் நகர வழியே இல்லை. எந்தத் தெருவைப் பார்த்தாலும் மரம், கம்பம், கம்பி. பெண் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி இறங்கினாள். காசிமேடு வரை நடை. அங்கே ஒரு மீன்பாடி வண்டிக்காரர் பெண்ணின் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். மீன் கூடைகளுக்கான பலகையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றித் திருவொற்றியூர் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். காசு வாங்கவில்லை. அப்போது யாரிடம் சில்லறை இருந்தது! சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். "மருமக மீன் வாசனையோட வந்திருக்கா" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பெரியப்பா இப்போது இல்லை. 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் வந்ததே, அது சென்னைக்குள் வரவில்லை. கடலிலேயே நம்மை ஒட்டி வடக்கே போய், மறுநாள் ஆந்திராவில் பாபட்லாவுக்கு அருகே கரை கடந்தது. ஆனாலும் மழை ஊரை மூழ்கடித்துவிட்டது. தண்ணீர் வடிந்து, செல்போன் பேச ஆரம்பித்ததும் முதல் வேலையாகத் தம்பி மகளைக் கூப்பிட்டேன். அவளுடைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. போனைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் குட்டி என்னிடம் சொன்னாள்:

"பாட்டி, நான் ஜன்னல்கிட்ட போகலை. வீட்டுக்குள்ளேயே காத்துக்கு முதுகு காட்டி நின்னு பார்த்தேன். என் கை கடலைத்தான் காட்டுச்சு. அம்மாகிட்ட வடை கேட்டேன், மாவு இல்லைன்னுட்டா!"